ஐந்தாம் வேதமும் இல்லாத ஐந்தாம் தூணும்



சென்ற மாதம் ஒரு தங்கை தொலைபேசியில் அழைத்தார். ஓவியத்தில் இளங்கலை முடித்தவர். அவருடைய அப்பா பறை அடிப்பவர். சாவு வீட்டுக்கு அடிப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது மேடைகளில் மட்டும் அடிக்கிறார். தங்கைக்கு முதுகலையில் அழகியலும் கலைத் தத்துவமும் படிக்க ஆசை. வீட்டில் தயங்குகிறார்கள். அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் நம் தோழர்களே அவரிடம், "சட்டம் படி, சமூகப்பணி படி, இல்லையென்றால் போட்டித் தேர்வு எழுது. அழகைப் பற்றிப் படித்து நம் ஜனத்துக்கு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். "நீங்க என்ன சொல்றீங்க அண்ணா?" என்றார்.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தோழர்களின் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை. அவருக்கு மட்டுமல்லாமல், இதே இடத்தில் நிற்கிற மற்றத் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அழகியல் என்ற பெயரை வைத்து அது அழகான பொருள்களைப் பற்றிய படிப்பு என்று நினைத்துவிடுகிறோம். எது அழகு, எது அசிங்கம், எது கலை, எது வெறும் சத்தம், யாருக்கு ரசனை உண்டு, யாருக்குக் கிடையாது என்பதையெல்லாம் எந்த அடிப்படையில் தீர்மானிக்கிறோம் என்று கேட்கிற துறை அது. இப்போது தீண்டாமையை நினைத்துப் பாருங்கள். தனிக் குவளை வைத்தால் வழக்குப் போடலாம். கோயிலுக்குள் விடவில்லை என்றால் வழக்குப் போடலாம். நம் வீட்டுச் சோற்றைப் பார்த்ததும் ஒருவருக்குக் குமட்டினால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? சாதி சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்திருந்தால் 1950-லேயே செத்திருக்கும். அது மூக்கிலும் நாக்கிலும் தோலிலும் இருக்கிறது. அந்த இடத்தை ஆராய்கிற படிப்பு நமக்கு எதற்கு என்று கேட்பது சரியா?

இந்தப் படிப்பின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

ஒரே நகரம், இரண்டு செய்திகள்

1916. பரோடா சமஸ்தானம். மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் ஆதரவில் 'கெய்க்வாட் கீழைத்தேய நூல்வரிசை' தொடங்குகிறது. பழைய வடமொழிச் சுவடிகளைத் தேடி எடுத்துப் பதிப்பிப்பது அதன் வேலை. வரிசையின் முதல் நூல் ராஜசேகரரின் 'காவ்யமீமாம்சை', கவிதை இயல் பற்றிய நூல். பத்து ஆண்டுகள் கழித்து, 1926-இல், இதே வரிசையில்தான் பரதரின் நாட்டிய சாஸ்திரம் அபிநவகுப்தரின் உரையோடு அச்சேறத் தொடங்கியது. பதிப்பித்தவர் மானவல்லி ராமகிருஷ்ண கவி. இன்று எந்தப் பல்கலைக்கழகத்தில் இந்திய அழகியல் படித்தாலும் அந்த உரை இல்லாமல் பாடம் நடக்காது.

1917. அதே பரோடா. அதே மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய இளைஞர் ஒருவர், ஒப்பந்தப்படி சமஸ்தானத்தில் வேலை செய்ய ரயிலில் வந்து இறங்குகிறார். தங்க இடம் இல்லை. இந்து விடுதிகள் எடுக்காது. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்குகிறார். பதினோராம் நாள் காலை தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, அன்று மாலைக்குள் வெளியேறச் சொல்கிறது. அடைக்கலம் கேட்ட நண்பர்கள் இருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தட்டிக்கழிக்கிறார்கள். இரவு ரயில் வரும்வரை பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணல் அம்பேத்கர் இதைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டு செய்திகளும் ஒரே ஊரில், ஒரே அரசரின் காசில் நடந்தவை. ஓலைச்சுவடிக்கு அந்த நகரத்தில் இடம் கிடைத்தது. முதுகலைப் பட்டம் பெற்று வந்த மனிதருக்கு ஒரு அறை கிடைக்கவில்லை. மன்னர் கெட்டவர் என்று சொல்லவில்லை. உதவித்தொகை கொடுத்தவரே அவர்தான். ஒரு மன்னரின் நல்ல மனதாலும் மாற்ற முடியாத ஏதோ ஒன்று அந்த நகரத்து மனிதர்களின் உடம்பில் இருந்தது என்பதுதான் விஷயம். அது என்ன என்று தேட நான் அந்தச் சுவடிக்கே போகலாம் என்கிறேன். ஏனென்றால் அந்தச் சுவடியே அதைப் பற்றி நிறையப் பேசுகிறது.

நான்கு தூண் மண்டபம்

நாட்டிய சாஸ்திரத்தின் முதல் அத்தியாயம் ஒரு கதையோடு தொடங்குகிறது. தேவர்கள் பிரம்மாவிடம் போய், கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் ஒரு விளையாட்டுப் பொருள் வேண்டும் என்கிறார்கள். சூத்திரர்கள் வேதத்தைக் கேட்கக்கூடாது. ஆகவே எல்லா வர்ணத்தாருக்கும் பொதுவாக ஐந்தாவது வேதம் ஒன்றைப் படைத்துக் கொடுங்கள் என்பது வேண்டுகோள். பிரம்மா ரிக்கிலிருந்து வசனத்தையும், சாமத்திலிருந்து பாட்டையும், யஜுரிலிருந்து நடிப்பையும், அதர்வணத்திலிருந்து ரசத்தையும் எடுத்து நாட்டிய வேதத்தைச் செய்கிறார்.

பாடத்திட்டங்களில் இந்தக் கதையைச் சொல்லி, பாருங்கள், நம் கலை எல்லோருக்கும் பொதுவானது என்று முடித்துவிடுவார்கள். நாம் அங்கே நிறுத்தக்கூடாது. அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.

முதல் நாடகம் அரங்கேறுகிறது. கதை என்ன? தேவர்கள் அசுரர்களைத் தோற்கடித்த கதை. பார்வையாளர்களாக வந்திருந்த அசுரர்களுக்குக் கோபம் வருகிறது. நடிகர்களின் பேச்சையும் அசைவையும் நினைவையும் முடக்கிவிடுகிறார்கள். இந்திரன் கொடிக்கம்பத்தைப் பிடுங்கி அவர்களை அடித்து நொறுக்குகிறான். அதற்குப் பிறகுதான் பாதுகாப்புக்காக விசுவகர்மாவைக் கூப்பிட்டு நாடக அரங்கம் கட்டச் சொல்கிறார்கள். விரூபாட்சன் என்ற அசுரன் பிரம்மாவிடம், நீர் தேவர்களுக்காக எங்களை இழிவுபடுத்த இதைச் செய்தீர் என்று முறையிடுகிறான். பிரம்மாவோ, இது உங்களை மட்டும் காட்டுவதல்ல, மூவுலகின் நடப்பையும் காட்டுவது என்று சமாதானம் சொல்கிறார்.

தோழர்களே, ஒரு படத்தில் நம் மக்களைக் குடிகாரர்களாகவோ கோமாளிகளாகவோ காட்டும்போது நாம் எதிர்த்துக் கேட்டால், 'இது வெறும் கலை, ஏன் மனசில் எடுத்துக்கொள்கிறீர்கள்?' என்று பதில் வருகிறதல்லவா? அந்தப் பதில் எவ்வளவு பழையது என்று தெரிகிறதா? இந்திய அழகியலின் மூல நூலே, மேடையில் இழிவுபடுத்தப்பட்டவர்களின் எதிர்ப்போடும், அவர்கள் வாங்கிய அடியோடும், அவர்களைத் தடுக்கக் கட்டிய சுவரோடும்தான் தொடங்குகிறது.

இரண்டாம் அத்தியாயம் அந்த அரங்கத்தை எப்படிக் கட்டுவது என்று சொல்கிறது. நான்கு தூண்கள். பிராமணத் தூணுக்கு வெள்ளை, சத்திரியத் தூணுக்குச் சிவப்பு, வைசியத் தூணுக்கு மஞ்சள், சூத்திரத் தூணுக்குக் கருநீலம். அடியில் வைக்கும் உலோகம்கூடப் பிராமணத் தூணுக்குத் தங்கம், சூத்திரத் தூணுக்கு இரும்பு என்று தரம் பிரிக்கப்பட்டிருக்கிறது. கட்டுமானச் சடங்கு நடக்கும்போது புறச்சமயத்தார், காவி உடுத்தியோர், உடல் குறையுள்ளோர் ஆகியோரை அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்ற விதியும் உண்டு.

ஐந்தாவது வேதம் வந்துவிட்டது. ஐந்தாவது தூண் வரவில்லை. வர்ணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நம்மைத்தானே பிற்காலத்தில் பஞ்சமர் என்றார்கள்? பஞ்சம வேதம் எல்லோருக்கும் என்று சொன்ன மண்டபத்தில் பஞ்சமருக்குத் தூண் இல்லை. மேடையில் மட்டும் இடம் உண்டு: சண்டாளர் பாத்திரம் பேசவேண்டிய வழக்கு மொழி எது என்று அதே நூல் விதி வகுத்திருக்கிறது. நம்மைக் காட்டலாம்; நாம் பார்க்க முடியாது. இந்த ஒரு ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் அதற்குப் பின் வந்த கலை வரலாற்றில் பாதி புரிந்துவிடும்.

அருவருப்பு யாருடையது?

நாட்டிய சாஸ்திரம் எட்டு ரசங்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று பீபத்ஸம். அதன் அடிப்படை உணர்வு அருவருப்பு. ரத்தம், குடல் போன்றவற்றால் வருவது ஒரு வகை. மலம், புழு போன்றவற்றால் வருவது இன்னொரு வகை. மேடையில் அருவருப்பைக் காட்டினால் பார்ப்பவர் குமட்டி எழுந்து ஓடுவதில்லை. அதையும் ஒரு சுவையாக அனுபவிக்கிறார். வாழ்க்கையில் துன்பமாக இருப்பது கலையில் எப்படி இன்பமாகிறது என்ற கேள்விக்குக் காஷ்மீரத்து அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் பதில் தேடினார்கள். பட்ட நாயகர் 'சாதாரணீகரணம்' என்றார். மேடையில் தெரியும் துயரம் இவனுடையதுமல்ல, என்னுடையதுமல்ல, பொதுவானதாகிவிடுகிறது என்பது அதன் சாரம். பத்தாம் நூற்றாண்டின் முடிவில் அபிநவகுப்தர் அதை இன்னும் ஆழமாக்கினார்.

இது சாதாரண சிந்தனை இல்லை. மதிப்போடு படிக்கவேண்டியது. ஆனால் அதே நூலின் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. அருவருப்பு என்பது பெண்களுக்கும் கீழ்நிலை மாந்தருக்கும் உரிய உணர்வு என்கிறது அது. யோசித்துப் பாருங்கள். மலத்தையும் பிணத்தையும் செத்த மாட்டையும் கையால் தொடும் வேலையை ஒரு சமூகத்தின் தலையில் கட்டுவார்கள். அருவருப்பு என்ற உணர்வையும் கீழோரின் இயல்பு என்று எழுதி வைப்பார்கள். மேலோர் அரங்கில் உட்கார்ந்து அதைச் சுவைப்பார்கள். வேலைப் பிரிவினை என்று சொல்வதை அண்ணல் ஏற்கவில்லை, தொழிலாளர்களையே பிரித்து அடுக்கிய ஏற்பாடு சாதி என்றார். உணர்ச்சிகளையும் அப்படி அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அழகியல் படித்தால்தான் தெரியும்.

ஐரோப்பா இதில் நம்மைவிட மேல் என்று நினைக்க வேண்டாம். 'எஸ்தெடிக்ஸ்' என்ற பெயரை இந்தத் துறைக்கு இட்டவர் பௌம்கார்ட்டன். 1735-இல் சொல்லைத் தந்தார், 1750-இல் அந்தப் பெயரிலேயே நூல் எழுதினார். 1790-இல் இம்மானுவேல் காண்ட் தீர்ப்புத்திறன் பற்றிய தன் மூன்றாவது பெரும் விமர்சன நூலை வெளியிட்டார். அழகை உணரும்போது நமக்குச் சொந்த லாபநோக்கு இருப்பதில்லை, அந்த உணர்வை எல்லா மனிதரும் பகிரமுடியும் என்று வாதிட்டார். எல்லா மனிதரும் என்ற சொல் நம்மைக் கவர்கிறது. அதே நூலில், எந்த அவலட்சணத்தையும் கலை அழகாகக் காட்டலாம், அருவருப்பை மட்டும் முடியாது என்றும் சொல்கிறார். அதே காண்ட் 1764-இல் அழகும் மேன்மையும் பற்றி எழுதிய சிறு நூலில், ஒரு கறுப்பினத் தச்சர் சொன்ன கருத்தைத் தள்ளிவிட அவருடைய தோல் நிறத்தையே காரணமாகக் காட்டுகிறார். பொதுவான ரசனை என்று பேசிய காலத்திலேயே அந்தப் பொதுவுக்குள் யார் வரலாம் என்ற வாசல்காப்பும் நடந்தது.

காண்ட் சொன்னதையும் நாட்டிய சாஸ்திரம் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று அருவருப்பைக் கலைக்கு வெளியே தள்ளுகிறது. இன்னொன்று அதை உள்ளே எடுத்துச் சுவையாக மாற்றிவிடுகிறது. அருவருப்பானவர் என்று ஒதுக்கப்பட்ட மனிதர் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று இரண்டுமே கேட்கவில்லை.

பாடத்திட்டம் எப்படி உருவானது?

இருபதாம் நூற்றாண்டில் 'இந்திய அழகியல்' என்ற பாடம் உருவாகிறது. அதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ஆனந்த குமாரசுவாமி. 1877-இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர். 1917-இல், அதாவது அண்ணல் பரோடாவில் பூங்காவில் உட்கார்ந்திருந்த அதே ஆண்டில், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பொறுப்பேற்றார். 1918-இல் வந்த 'சிவ நடனம்' அவரை உலகறியச் செய்தது. இந்தியக் கலை ஐரோப்பியக் கலைக்குக் குறைந்ததில்லை என்று நிறுவியதில் அவர் பங்கு பெரிது. காலனி ஆட்சியில் அந்தத் துணிச்சல் தேவைப்பட்டது. ஆனால் 1909-இல் இந்தியக் கைவினைஞர் பற்றி அவர் எழுதிய நூலைப் படியுங்கள். பிறப்பால் வரும் தொழில்தான் கலையைக் காத்தது என்று சாதி ஏற்பாட்டைப் போற்றுகிறார். வெள்ளைக்காரனுக்கு எதிராக நிமிர்ந்த பேனா, அந்தக் கைவினைஞர் தொழிலை விட்டுவிட நினைத்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்கவில்லை.

பிறகு கே.சி. பாண்டே அபிநவகுப்தர் பற்றியும் ஒப்பீட்டு அழகியல் பற்றியும் எழுதினார். சென்னையில் வே. ராகவன் 1940-இல் ரசங்களின் எண்ணிக்கை பற்றி நூல் வெளியிட்டார். மைசூரின் ஹிரியண்ணாவின் கலை அனுபவம் பற்றிய கட்டுரைகள் 1954-இல் நூலாயின. எல்லோரும் பெரிய படிப்பாளிகள். இவர்கள் கையில் 'சகிருதயர்' என்ற சொல் மையமானது. ஒத்த இதயம் உள்ள ரசிகர் என்று பொருள். திரும்பத் திரும்பக் காவியங்களைப் படித்துப் படித்து மனக்கண்ணாடியைத் துலக்கி வைத்திருப்பவரே சகிருதயர் என்பது அபிநவகுப்தரின் விளக்கம்.

காவியம் படிக்க யாருக்கு அனுமதி இருந்தது? கண்ணாடியைத் துலக்க யாருக்கு நேரம் இருந்தது? இந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் யாருடைய வஞ்சகமும் அல்ல. அந்த அறையில் அதைக் கேட்கக்கூடிய ஆள் உட்காரவில்லை. நம் பிள்ளைகள் அந்த அறைக்குள் போகவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

தமிழ் மட்டும் சுத்தமா?

வடமொழியில்தான் இந்தக் கோளாறு, தமிழில் எல்லாம் சமம் என்று சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. நமக்கு அந்தச் சலுகை வேண்டாம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் எட்டு உணர்வுகளைச் சொல்கிறது. அதில் இளிவரல் என்று ஒன்று உண்டு. வடமொழி பீபத்ஸத்தின் இடத்தில் வைக்கத்தக்கது. ஆனால் அது பிறக்கும் இடமாகச் சொல்லப்படுபவை என்ன? முதுமை, நோய், வருத்தம், மென்மை. மென்மை என்றால் இங்கே வறுமை என்று உரை உண்டு. மலமும் புழுவும் இங்கே இல்லை. தாழ்ந்துபோகிற மனிதரின் நிலை இருக்கிறது. அருவருப்பைப் பார்ப்பவர் பக்கமிருந்து பேசாமல், அவமானத்தைப் படுபவர் பக்கமிருந்து பேசக்கூடிய ஒரு வாசல் தமிழில் திறந்திருக்கிறது. இதை வைத்து ஒரு முனைவர் பட்ட ஆய்வே செய்யலாம்.

ஆனால் அதே தொல்காப்பியத்தின் அகத்திணையியலைத் திருப்புங்கள். அடியோரும் வினைவலரும், அதாவது அடிமைகளும் ஏவல் வேலை செய்வோரும், ஐந்திணைக் காதலுக்குத் தலைமக்கள் ஆவதில்லை. அவர்களுக்கு ஐந்திணைக்குப் புறத்தே உள்ள கைக்கிளையும் பெருந்திணையும்தான் என்கிறது மரபு. குறிஞ்சியும் முல்லையும் தலைவனுக்கு. வயலில் நாற்று நட்டவளின் காதல் இலக்கணத்துக்கு வெளியே. வாசலும் தமிழில்தான் இருக்கிறது, சுவரும் தமிழில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் நேர்மை.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையும் ஒன்று. தெய்வம், உணவு, மரம், பறவை, யாழ் ஆகியவற்றோடு அதே வரிசையில் நிற்கிறது. எந்தக் கைகள் அதை அடித்தன என்பதை வைத்துப் பிற்காலம் அதைத் தீட்டுக் கருவியாக்கியது. தோல் மாறவில்லை, ஓசை மாறவில்லை, தீர்ப்பு மாறியது. தோலால் செய்த மிருதங்கம் சபா மேடையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மிருதங்கத்தைச் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூல் 2020-இல் வந்தபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. வேறு இடத்தில் விழா நடந்தது. நாதம் உள்ளே வரலாம், அதைச் செய்த கதை உள்ளே வரக்கூடாது. பரதர் கட்டிய மண்டபம் இன்னும் இடிந்துவிடவில்லை.

நாம் எழுதிய அழகியல்

1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் இயக்கம் எழுந்தது. அதே ஆண்டு நாம்தேவ் தசாலின் 'கோல்பிட்டா' வந்தது. பாலியல் தொழில் நடக்கும் தெருவின் மொழியிலேயே எழுதப்பட்ட கவிதைகள். மராத்தி இலக்கிய உலகம் அதிர்ந்தது. இது கவிதையா என்ற கேள்வி வந்தது. கேள்வி உண்மையில் கவிதையைப் பற்றியது அல்ல, அளவுகோலைப் பற்றியது. 1996-இல் சரண்குமார் லிம்பாளே தலித் இலக்கியத்தின் அழகியல் பற்றி மராத்தியில் தனி நூலே எழுதினார். படிப்பவருக்கு இன்பம் தருவது என்ற அளவுகோலால் வலியின் இலக்கியத்தை அளக்க முடியாது என்றார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம், நீதி ஆகியவற்றையே அழகின் அளவுகோலாக வைத்தார். அரசியல் சாசனத்தின் சொற்கள் கவிதையின் அளவுகோலாக மாறிய இடம் அது. தமிழில் 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதன் பேச்சுமொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. 1993-இல் ராஜ் கௌதமனின் 'தலித் பண்பாடு' வந்தது. இழிவு என்று சொல்லப்பட்டதையே ஆயுதமாகத் திருப்பிப் பிடிக்கும் பண்பாட்டு அரசியலை அவர் கோட்பாடாக எழுதினார்.

இன்னும் ஒருவர். நாக்பூரில் 1961-இல் பிறந்த ஓவியர் சவி சாவர்க்கர். அவர் முதுகலை படித்தது பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில். அண்ணலுக்கு ஒரு அறை கிடைக்காத நகரம். நாட்டிய சாஸ்திர உரை அச்சேறிய நகரம். அங்கே கலைப் பயிற்சி பெற்ற அம்பேத்கரியர் வரைந்த படங்களில் ஒரு மனிதர் திரும்பத் திரும்ப வருகிறார். கழுத்தில் எச்சில் துப்பும் கலயம், கூடவே துடைப்பம். பேஷ்வாக்களின் ஆட்சியில் பூனாவில் நம் முன்னோர் நடமாடவேண்டியிருந்த கோலம் அது. 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் குறிப்பிட்ட கொடுமை. அந்தப் படத்தின் முன் நிற்பவர் பீபத்ஸ ரசத்தைச் சுவைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. யாருடைய நிலத்தில் எச்சில் விழக்கூடாது என்று கலயம் கட்டினார்கள் என்ற கேள்வி பார்ப்பவரையே திருப்பிப் பார்க்கிறது.

2017-இல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படமும் அப்படித்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்த பிறகும் தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது என்று காட்டிய படம். பார்த்தவர்களில் பலர் குமட்டுகிறது என்றார்கள். பல ஊர்களில் திரையிடக் காவல்துறை தடை போட்டது. குமட்டல் எதைப் பார்த்து வரவேண்டும், மலத்தைப் பார்த்தா, அதை ஒரு சாதியின் கையில் கொடுத்த ஊரைப் பார்த்தா என்று அந்தப் படம் கேட்டது. காண்டும் பரதரும் கேட்காத கேள்வி இது. ஒரு தத்துவத் துறையே உட்கார்ந்து விவாதிக்கவேண்டிய கேள்வி. எந்தத் துறையில் அது பாடமாக இருக்கிறது?

அனுபவம் நமக்கு, கோட்பாடு அவர்களுக்கா?

2002-இல் கோபால் குரு ஒரு கட்டுரை எழுதினார். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு உருவாக்குகிற பார்ப்பனர்கள், தரவு திரட்டிக் கொடுக்கிற சூத்திரர்கள் என்று ஒரு பிரிவினை நிலவுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. கலைத் துறையில் இது இன்னும் கூர்மை. நம்மைப் பாட அழைக்கிறார்கள், ஆட அழைக்கிறார்கள், பறை அடிக்க அழைக்கிறார்கள், நம் அனுபவத்தைச் சொல்ல அழைக்கிறார்கள். பிறகு அது கலையா இல்லையா, எந்த வகை, என்ன மதிப்பு என்று சொல்ல வேறொருவர் மைக்கைப் பிடிக்கிறார். மேடை நமக்கு, தூண் அவர்களுக்கு. பழைய ஏற்பாடுதான்.

சட்டம் படித்த தோழர்கள் வேண்டும். சமூகப்பணியாளர்கள் வேண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால் பள்ளிப் பாடநூலில் எந்தக் கலை இடம்பெறும், அருங்காட்சியகத்தில் எந்தப் பொருள் 'சிற்பம்' என்றும் எந்தப் பொருள் 'நாட்டுப்புறப் பொருள்' என்றும் எழுதப்படும், எந்தப் படத்துக்கு விருது, எந்த மாணவருக்கு நேர்முகத்தேர்வில் 'ரசனை போதாது' என்று மதிப்பெண் குறையும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அழகியல் படித்தவர்கள். அந்த நாற்காலிகளில் நம் ஆட்கள் இல்லை என்றால் அந்தத் தீர்ப்புகளுக்கு மேல்முறையீடு கிடையாது.

படிக்கப் போகிறவர்களுக்கு மூன்று சொல்கிறேன். முதலாவது, எதிரியின் நூல் என்று எதையும் தள்ளாதீர்கள். நாட்டிய சாஸ்திரத்தையும் காண்ட்டையும் சுருக்கப் புத்தகத்தில் படித்துவிட்டுத் திட்டுவது அண்ணலின் வழி இல்லை. அவர் மனுவை வரி வரியாகப் படித்த பிறகுதான் எரித்தார். இரண்டாவது, மொழி. ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வடமொழியும் கற்றுக்கொள்ளுங்கள். காதில் ஈயம் ஊற்றுவோம் என்று மிரட்டிய மொழியை நம் பிள்ளை இலக்கணத்தோடு படிப்பதைவிடப் பெரிய பதிலடி என்ன இருக்கிறது? மூன்றாவது, வகுப்பில் உங்களை 'அனுபவம் சொல்லும் ஆள்' ஆக்கப் பார்ப்பார்கள். ஒருமுறை சொல்லுங்கள். மறுமுறை, அந்த அனுபவத்திலிருந்து நீங்களே ஒரு கோட்பாடு எழுதிக் கொடுங்கள்.

அங்கே எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று பொய் சொல்லமாட்டேன். தனிமை இருக்கும். உதவித்தொகை தாமதமாகும். உங்கள் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்போது எங்களை அழையுங்கள். அண்ணலுக்குப் பரோடாவில் ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. இன்று நம் தோழர்கள் இல்லாத பல்கலைக்கழக நகரம் அநேகமாக இல்லை. யாரும் பூங்காவில் உட்காரவேண்டிய அவசியம் வராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

தங்கையை நேற்று அழைத்துப் பேசினேன். இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, அப்பா பறையைத் தீயில காய்ச்சும்போது ஒவ்வொரு தடவையும் தட்டிப் பார்த்து, 'இன்னும் சரியா வரல'ன்னு சொல்வார். அந்தச் 'சரி' எதுன்னு அவருக்கு எப்படித் தெரியுதுன்னு எனக்குச் சின்ன வயசிலிருந்து யோசனை" என்றார்.

அபிநவகுப்தரும் காண்டும் கேட்ட கேள்வி இதுதான். இதைப் பறை காய்ச்சும் தீயின் பக்கத்தில் உட்கார்ந்து இதுவரை எந்தப் பாடநூலும் கேட்கவில்லை. விண்ணப்பத்தை அனுப்பிவிடு தங்கை என்று சொன்னேன்.